கல்லூரி மாணவர்கள் கண்மாயை ஆய்வு செய்தால் கண்மாய்க்கு என்ன கிடைக்கும்?

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், உங்கள் துறை அருகிலுள்ள ஊரின் கண்மாய் ஒன்றை எடுத்து ஆய்வு செய்யப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "நாங்கள் தண்ணீர் எடுத்து டெஸ்ட் பண்ணுவதால் கண்மாய்க்கு உண்மையிலேயே ஏதாவது நடக்குமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தெந்தச் சோதனை செய்வது என்பது உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். நாங்கள் எடுக்கும் எண்ணை யார் மதிப்பார்கள், அதை வைத்து யார் என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி. மதுரையில் பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன், மாணவர்களோடு கண்மாய்க் கரைகளில் பாட்டிலும் கையுமாக நின்றவன் என்ற முறையில் அதற்கே பதில் சொல்கிறேன்.

பயன் உண்டு, ஆனால் ஒரு நாள் போய் எடுத்து வரும் மாதிரியால் இல்லை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே முறையில், மாதம் தவறாமல், ஆண்டுக்கணக்கில் எடுக்கப்பட்ட எண்ணுக்குத்தான் பலம். மாணவர் மூன்று ஆண்டில் பட்டம் வாங்கிப் போய்விடுவார். கண்மாயின் சிக்கலோ முப்பது ஆண்டுப் பழையது. ஆகவே பதிவேடு உங்கள் பெயரில் இருக்கக் கூடாது, துறையின் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் பேராசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: "சார், நாங்கள் போன பிறகும் அடுத்த பேட்ச் இதே கல்லில் நின்று இதே பாட்டிலை நிரப்புமா?" நிரப்பும் என்றால் இந்த வேலையில் இறங்கலாம். ஒரே ஒரு செமஸ்டருக்கு என்றால் அதைப் பயிற்சி என்று சொல்லிச் செய்யுங்கள், கண்மாய் ஆய்வு என்று ஊருக்குச் சொல்லாதீர்கள்.

முதல் மாதம் ஆய்வகத்துக்குள் போகவே வேண்டாம். கண்மாயைச் சுற்றி நடங்கள். தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, எந்த மேல் கண்மாயின் உபரி நீர், அதாவது மறுகால், இதற்குள் விழுகிறது, நிறைந்த தண்ணீர் வழியும் கலுங்கு எங்கே, வயலுக்குத் தண்ணீர் விடும் மடைகள் எத்தனை, அவற்றில் எத்தனை திறக்கின்றன, இந்தக் கலுங்கு வழிந்தால் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று பாருங்கள். நம் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல, ஒன்று நிறைந்து அடுத்ததுக்குப் போகும் தொடர். பெரியாறு வாய்க்கால் தண்ணீர் வரும் கண்மாயா, மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் கண்மாயா என்பதைப் பொறுத்து உங்கள் எண்களின் பொருளே மாறும். இதையெல்லாம் நன்றாகச் சொல்லக்கூடியவர் மடை திறக்கிறவர். சில ஊர்களில் மடைக்குடும்பர், சில ஊர்களில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்பார்கள். அவரை ஐயா என்று கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். அவர் சொல்வதை நோட்டில் எழுதுங்கள், எந்த ஆண்டு எது வரை தண்ணீர் நின்றது என்று கரையில் அவர் கை காட்டும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பார்த்து, பதிவில் உள்ள எல்லையையும் தரையில் இருக்கும் எல்லையையும் ஒப்பிடுங்கள். தண்ணீர் கெட்டுப்போன பல கண்மாய்களில் கதை வரத்துக்கால் அடைபட்டதில் தொடங்குகிறது. மழைநீர் வரும் வழி மூடி, சாக்கடை வரும் வழி மட்டும் திறந்திருந்தால் என்ன வேதியியல் செய்தும் அந்தத் தண்ணீர் தெளியாது.

அடுத்தது நீர்மட்டம். ஒவ்வொரு முறை மாதிரி எடுக்கும்போதும் நீர்மட்டத்தைக் குறித்தாக வேண்டும். மடைத்தூணிலோ கலுங்குச் சுவரிலோ பெயின்டில் அளவுகோல் போட அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பார்த்த மாணவர் அறிக்கைகளில் அதிகமாக விடுபடுவது இதுதான். கோடையில் நம் ஊர்க் கண்மாய்களில் வெயிலுக்கு மட்டுமே ஒரு நாளைக்கு சுமார் அரை சென்டிமீட்டர் தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் போகும், உப்பு போகாது. டிசம்பரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 600 மில்லிகிராம், ஏப்ரலில் 1,200 என்று வந்தால், யாரும் எதையும் கொட்டாமலேயே அது நடந்திருக்கலாம். ஆவியாகி நீரின் அளவு பாதியானால் உப்பின் செறிவு இரட்டிப்பாவது கணக்கு. இரட்டிப்புக்கு மேல் ஏறியிருந்தால்தான் புதிதாக ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதற்கு குளோரைடு நல்ல சாட்சி. பாசி அதைத் தின்பதில்லை, அது அடியில் படிவதும் இல்லை. வெள்ளி நைட்ரேட் தரம்பார்த்தலில் உங்களுக்கே கைவந்த சோதனை அது. வரத்துக்கால் வாயில், கண்மாயின் நடுப்பகுதியை ஒட்டிய கரையில், மடையில் என்று மூன்று இடத்தில் குளோரைடையும் நீர்மட்டத்தையும் ஓராண்டு எடுத்தாலே, வெளியிலிருந்து கழிவு எந்தப் பக்கமாக வருகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கரைந்த ஆக்சிஜனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளக்கும் நேரத்தைக் கவனிக்காவிட்டால் நம்மை மிகவும் ஏமாற்றும் எண் அது. 30 டிகிரி வெப்பத்தில் தூய தண்ணீர் காற்றோடு சமநிலையில் இருந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். சாக்கடை கலந்து, சத்து மிகுந்து, பச்சைப் பசேலென்று பாசி பிடித்த கண்மாயில் மதியம் இரண்டு மணிக்கு அளந்தால் 12 கூட வரும். பாசி வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைத் தள்ளிக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் மதுரையிலேயே நல்ல கண்மாய் இதுதான் என்று தோன்றும். அதே இடத்தில் விடிவதற்குச் சற்று முன்னால் போய் எடுத்தால் 2க்கும் கீழே இருக்கும். இரவு முழுவதும் பாசியும் பாக்டீரியாவும் மீனும் சேர்ந்து மூச்சு விட்டுத் தீர்த்திருக்கும். மீன் வளர்ப்புக்கான நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு கேட்பது குறைந்தது 4, வெளியிடங்களில் குளிக்க 5. கல்லூரி நேரத்தில் போய் பதினொரு மணிக்கு எடுத்த ஒற்றை எண் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. மாதத்தில் ஒரு நாளாவது விடியற்காலையும் பிற்பகலும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கண்மாயின் நோயைச் சொல்லும். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் வின்க்லர் முறையில் செய்வதானால் மாங்கனஸ் சல்பேட்டையும் கார அயோடைடு-அசைடையும் கரையிலேயே ஊற்றி நிலைப்படுத்திவிடுங்கள். தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து பஸ்ஸில் கொண்டுவந்து கல்லூரியில் ஆரம்பித்தால், வழியிலேயே பாட்டிலுக்குள் எண் மாறிவிடும்.

இது தெரிந்தால் ஊருக்கு உடனே உதவக்கூடிய ஒரு விஷயமும் புரியும். கண்மாயில் மீன் செத்து மிதந்தால் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பும், சண்டை கூட வரும். விஷமாகவும் இருக்கலாம், மறுக்க முடியாது. ஆனால் இரண்டு நாள் மேகமூட்டத்துக்குப் பிறகோ, முதல் மழை தெருச் சாக்கடையை வாரிக்கொண்டு வந்த மறுநாளோ, விடியற்காலையில் பெரிய மீன்கள் முதலில் செத்திருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அம்மோனியாவும் சேர்ந்துகொள்ளும். கார அமிலத்தன்மை (pH) 7.5 ஆக இருக்கும்போது அம்மோனியாவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் மீனுக்கு நஞ்சான வடிவத்தில் இருக்கும். பாசி கரியமில வாயுவை உறிஞ்சி அதை 9க்கு ஏற்றிவிட்டால், நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ பாதி அந்த வடிவத்துக்குப் போய்விடும். மொத்த அம்மோனியா மாறாமலேயே காலையில் பிழைத்த மீன் மாலையில் சாகும். மீன் குத்தகை எடுத்தவருக்கு இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லக்கூடிய மாணவர்கள் அந்த ஊரில் இருந்தால் அது பெரிய காரியம்.

இனி உறுதியில்லாத பகுதி. நைட்ரேட் அதிகமாக இருந்தால் உரமா சாக்கடையா என்று உடனே சொல்லிவிட முடியாது. குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்து ஏறியிருந்தால் சாக்கடைப் பக்கம் சாயலாம், நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் வயலின் பக்கம் பார்க்கலாம், அவ்வளவுதான். நைட்ரேட் குறைவாக இருப்பதால் தண்ணீர் சுத்தம் என்றும் ஆகாது, பாசி அதைத் தின்று தீர்த்திருக்கலாம். குடல் பாக்டீரியாக்களைத் தேடும் கோலிஃபார்ம் சோதனை கழிவு கலந்திருப்பதற்கான அடையாளத்தைக் காட்டும், யாருடைய கழிவு என்று காட்டாது. ஈயம், குரோமியம், காட்மியம் போன்ற உலோகங்களைப் பற்றி இளங்கலை ஆய்வகத்து நிறமாற்றச் சோதனையை நம்பி ஒரு வார்த்தையும் வெளியில் சொல்லாதீர்கள். லிட்டருக்கு மில்லிகிராமில் ஆயிரத்தில் சில பங்கு அளவில் பேச வேண்டிய பொருள்கள் அவை, பாட்டில் சரியாகக் கழுவாததே எண்ணைக் கெடுத்துவிடும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி, எழுத்தில் வந்த பிறகு பேசுங்கள். குடிநீர்க் கிணறு சம்பந்தப்பட்டதானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. கூடவே ஒன்று. குளோரைடு சோதனையின் குரோமேட் நிறங்காட்டியும், வேதி ஆக்சிஜன் தேவைச் (COD) சோதனையில் வரும் பாதரச, டைகுரோமேட் கழிவும் உங்கள் ஆய்வகத் தொட்டி வழியாக அதே நீர்வழியில் போய்ச் சேரக் கூடாது. தனி கேனில் சேர்த்து வையுங்கள். இந்த ஒழுங்கு இல்லாத துறை கண்மாயைப் பற்றிப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன்.

சட்டத்தில் உங்கள் எண்ணுக்கு என்ன இடம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, கழிவை வெளியேற்றுபவர் மீது வழக்குக்குப் பயன்படும் மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி, அறிவிப்புக் கொடுத்து, முத்திரையிட்டு, அதற்கான நடைமுறையோடு எடுத்திருக்க வேண்டும். மாணவர் எடுத்த மாதிரி அந்த வேலைக்கு ஆகாது. ஆனால் இன்ன குழாயின் வாயில், இன்ன நேரத்தில், ஆறு மாதமாக அம்மோனியா ஏறுகிறது என்ற பதிவோடு மனு கொடுத்தால், அதிகாரி எங்கே எப்போது வந்து எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். வெறும் "கண்மாய் நாறுகிறது" என்ற மனுவுக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. ஆக்கிரமிப்பு என்றால் 2007ஆம் ஆண்டு தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அங்கே நில அளவைப் பதிவுதான் பேசும், வேதியியல் பேசாது.

நான் வேதியியல்காரன். உயிர்கள் பற்றிச் சொல்ல எனக்கு எல்லை உண்டு, ஆகவே விலங்கியல், தாவரவியல் துறைகளை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மாதிரி அந்த நொடியை மட்டும் காட்டும். சேற்றில் வாழும் புழு பூச்சிகள் பல வாரத்துக் கதையைச் சொல்லும். சேற்றை அள்ளிச் சல்லடையில் அலசினால் கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்பு நிறப் புழுக்கள் மட்டுமே நெளிகின்றன என்றால், ஆக்சிஜன் குறைந்த சேறு என்று கொள்ளலாம், அந்தச் சிவப்பு அவற்றின் உடலில் உள்ள ஹீமோகுளோபின். தும்பிகளின் இளம்பருவமும் வேறு பல வகைப் பூச்சிகளும் கலந்து கிடைத்தால் நல்ல அறிகுறி. பறவைகளுக்கு ஜனவரி மாதம் தோதானது. ஆசிய அளவிலான நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் அப்போதுதான் நடக்கிறது. மதுரைக்குப் பக்கத்துச் சாமநத்தம் கண்மாய்க்குப் பறவைகளுக்காகப் பெயர் வந்ததும் பைனாகுலரோடு விடாமல் போய்ப் பார்த்துக் குறித்து வைத்தவர்களால்தான்.

சீமைக்கருவேலம் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். அது அந்நிய மரம், கண்மாயில் தண்ணீர் நிற்கும் உள்வாயை அடைத்துக்கொள்ளும், ஆழ வேர்விட்டு நீர் எடுக்கும், தனக்குக் கீழே மற்ற செடிகளை வளரவிடாது. இது உறுதி. காற்றில் உள்ள ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும், மழையையே தடுக்கும் என்று சுற்றிவரும் செய்திகளுக்கு நான் அறிந்த அறிவியலில் ஆதாரம் இல்லை, அவற்றை உங்கள் அறிக்கையில் எழுதாதீர்கள். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது பல இடங்களில் மேலோடு வெட்டிவிட்டுப் போனார்கள், அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்தது. அகற்றுவதற்கு முன்னும் பின்னும் அந்த இடத்தில் என்னென்ன முளைக்கிறது என்று கட்டம் கட்டிப் பதிவு செய்தால் அடுத்த ஊருக்குப் பயன்படும். கண்மாயின் உள்வாயில் மரக்கன்று நடும் விழாவுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அது தண்ணீர் நிற்கும் இடம். பனை விதையைக் கரையின் வெளிச் சரிவில் ஊன்றுங்கள்.

கல்லூரி ஆய்வகத்திலிருந்து கிளம்பிய வேலை வெளியில் நின்றதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைத் துண்டாக்கி, சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் பூச்சாகப் படியவைத்து, அதன் பிறகு தார் கலக்கும் முறையைக் கொண்டுவந்தார். முதலில் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தார்கள். 2013இல் இந்திய சாலைப் பேரவை இதற்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது, 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நான் இதில் மதிப்பது விருதைவிட இன்னொன்றை. சாலை போடுகிறவர்களிடம் ஏற்கெனவே இருந்த தார்க் கலவை எந்திரத்திலேயே செய்யக்கூடிய முறையாக அதை அமைத்தார், புதிதாக ஒரு தொழிற்சாலையைக் கேட்கவில்லை. எல்லைகளும் உண்டு. பி.வி.சி. இதில் சேரக் கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வரும். தேய்ந்துபோகும் சாலையிலிருந்து நுண்பிளாஸ்டிக் எவ்வளவு வெளியேறும் என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் முடிவாகாத கேள்வி. அந்தக் கேள்வியையும் ஒரு கல்லூரித் துறை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று அரிட்டாபட்டி. மேலூர் பக்கத்துப் பாறைக் குன்றுகளும் சுனைகளும் கண்மாய்களும் லகுடு வல்லூறு போன்ற பறவைகளும் தமிழி கல்வெட்டும் சேர்ந்த ஊர். அங்குள்ள உயிர்களையும் நீர்நிலைகளையும் பலர் பல ஆண்டு பொறுமையாகப் பதிந்து வைத்ததன் பலனாக, 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, அதை உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்ற செய்தி வந்தது. அதை நிறுத்தியது மேலூர்ப் பக்கத்து மக்களின் போராட்டம், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதற்கு முன்பே, 2024 டிசம்பரில், அந்தத் தலத்தை விலக்கி எல்லையை மறுபரிசீலனை செய்யும்படி ஒன்றியச் சுரங்க அமைச்சகம் சொல்ல வேண்டியதாயிற்று. போராட்டத்தின் பெருமையை அறிவியலுக்குக் கொடுப்பது நியாயமில்லை. ஆனால் மக்கள் எழுந்து நின்ற நேரத்தில், இங்கே என்ன இருக்கிறது என்பது ஏற்கெனவே அரசிதழில் இருந்தது. சிக்கல் வந்த பிறகு எண்ணத் தொடங்கியிருந்தால் நேரம் இருந்திருக்காது. உங்கள் கண்மாய்க்கும் அப்படி ஒரு நாள் வரலாம், அதற்கு முன்னால் பதிவேடு தயாராக இருக்கட்டும் என்பதுதான் நான் உங்களிடம் கேட்பது.

நடைமுறைக்கு வருகிறேன். ஆகஸ்டில் நடக்கத் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் முதல் மாதிரியை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் மழைக்கு முன், நிறைந்தபோது, வற்றும்போது என்று ஒரு முழு ஆண்டு கிடைக்கும். யாரும் தனியாகப் போகாதீர்கள், தண்ணீருக்குள் இறங்காதீர்கள். மண் அள்ளிய கண்மாய்களில் மேலே முழங்கால் ஆழம் போலத் தெரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆள் முழுகும் பள்ளம் இருக்கும். நீந்தத் தெரிந்தவர்களும் சேற்றில் மாட்டியிருக்கிறார்கள். கயிறு கட்டிய வாளியால் கரையிலிருந்தே எடுக்கலாம். அறிக்கையை ஆங்கிலத்தில் கல்லூரிக்கு எழுதுங்கள், அது மதிப்பெண்ணுக்கு. ஊருக்குத் தமிழில் இரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் கண்மாயின் படம், அதில் தண்ணீர் வரும் வழியும் கழிவு வரும் வழியும். இரண்டாம் பக்கத்தில் என்ன அளந்தோம், எது உறுதி, எது சந்தேகம், ஊராட்சி செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை எது என்று. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் இப்போது கிராம சபை கூடுகிறது. அதற்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் சொல்லி நேரம் வாங்குங்கள். வாசிப்பது பேராசிரியராக இருக்க வேண்டாம், நீங்களே வாசியுங்கள், மடை திறக்கும் ஐயாவின் பெயரையும் அதில் போட அவரிடம் அனுமதி கேளுங்கள். ஒரு பிரதியைக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டோடு சேர்க்கச் சொல்லி, ஒப்புகைக் கையெழுத்து வாங்கித் துறையின் கோப்பில் வையுங்கள்.